நமுனுகுலச் சாரலில் கன்றும் காலமும்

தொல்காப்பியத்து மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்குமிடத்து, பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களை ஓரறிவுயிர்க்கும் வழங்கலாம் என விதிக்கின்றது. ஆவின் இளமைக்கும் மாவின் இளமைக்கும் கன்று என்னும் ஒரே சொல்லையும், மாந்தர் மகவுக்கும் தென்னையின் இளமைக்கும் பிள்ளை என்னும் ஒரே சொல்லையும் ஆளுவது தமிழ் வழக்கு. நற்றிணையின் 172ஆம் செய்யுளில், தோழியருடன் விளையாடிய தலைவி மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை வித்து முளைத்தெழுகின்றது. நெய்யும் பாலும் பெய்து அதனை வளர்க்கின்றனர். அம்மரம் அவளுக்கு உடன்பிறந்தாள் ஆகும் என்று அன்னை சொல்லியிருந்தமையால், பின்னாளில் அதன் நிழலில் நின்று காதலனோடு நகையாட அவள் நாணுகின்றாள்.

இவ்வழகிய உறவு நிலைபெறுதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வித்தை இட்டவள் அது மரமாகும்வரை அவ்விடத்திலேயே வாழ்தல் வேண்டும். நடுதல் ஒரு நாட்செயல். வளர்தலைக் காண்டல் பல்லாண்டுச் செயல். நட்டவர் நிலைத்திராத நாட்டில் மரம் வளரலாம். ஆனால் அவ்வுறவு வளராது. இலங்கையின் ஊவா மலைநாட்டில் கடந்த இருநூறு ஆண்டுகளில் நடப்பட்ட மரங்களின் வரலாற்றை ஆராயப்புகின், இந்நிபந்தனை மீண்டும் மீண்டும் முறிக்கப்பட்டமையே அதன் உட்பொருளாக விளங்குகின்றது.

மலையும் காற்றும்

பதுளை நகரின் தென்கிழக்கே எழுந்து நிற்பது நமுனுகுல மலை. ஒன்பது சிகரம் எனப் பொருள்படும் சிங்களப் பெயர் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீற்றர் உயர்ந்த அதன் முடியில் முகில் தவழும் காடும், அதன் கீழே தேயிலைத் தோட்டங்களும், அவற்றினும் கீழே வயல்களும் ஊர்களும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஊவாவின் பிறபகுதிகளிற் பத்தனை எனப்படும் புல்வெளிகள் பரந்து கிடக்கின்றன.

இந்நாட்டில் நடப்படும் கன்று எதுவாயினும் இரண்டு பருவங்களை எதிர்கொள்ள வேண்டும். ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர்கின்றது; நடுகைக்கு உரிய காலம் அதுவே. ஆனி முதல் புரட்டாதி வரையும் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைத்தொடரின் அப்பாற் பக்கத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் இழந்த வறண்ட காற்றாக ஊவாவில் இறங்குகின்றது. கச்சான் எனப்படும் இக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த மணத்தைத் தருவது. இளங்கன்றை வாட்டுவதும் இதுவே. மழையில் நட்ட கன்று முதற் கச்சானைத் தாங்கிவிட்டதா என்பதைக் கொண்டே இம்மலைகளில் நடுகையின் வெற்றி அளக்கப்படும்.

கன்று நட்டதனைக் காலங்குறித்து எழுதிவைத்த மரபு இந்நாட்டில் மிகத் தொன்மையானது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தேவநம்பியதீசன் அநுராதபுரத்தில் நட்ட அரசமரம், நட்ட காலம் அறியப்பட்ட மரங்களுள் உலகின் மிகப் பழையதாக மதிக்கப்படுகின்றது. அதன் முதல் எட்டுக் கன்றுகள் எவ்வெவ்விடங்களில் நடப்பட்டன என மகாவம்சம் நிரல்படக் கூறும். அவற்றுள் ஒன்று யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சம்புத்துறையிலும், மற்றொன்று இன்றைய ஊவா மாகாணத்துள் அடங்கிய கதிர்காமத்திலும் நடப்பட்டதாக அறிஞர் கொள்வர். மரத்தின் பெயரும் நட்ட இடமும் இரண்டாயிரம் ஆண்டு கடந்து நினைவில் நிற்பதற்குக் காரணம், அதனைக் காத்து நின்றோரின் தொடர்ச்சி அறுபடாமையே.

வெட்டப்பட்ட மரங்கள்

அத்தொடர்ச்சி ஊவாவில் அறுபட்ட காலம் 1817-1818ஆம் ஆண்டுகள். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர், ஊவா வெல்லச மக்கள் அவ்வாட்சியை எதிர்த்து எழுந்தனர். தேசாதிபதி றொபட் பிரவுன்றிக்கின் படைகள் அவ்வெழுச்சியை அடக்கியபோது வீடுகள் எரிக்கப்பட்டன. நெல்லும் கால்நடையும் அழிக்கப்பட்டன. பலா முதலிய பயன்மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. பலா நட்ட சில ஆண்டுகளின் பின்னரே காய்க்கத் தொடங்குவது. வயல் பொய்த்த ஆண்டில் குடும்பத்தைக் காப்பது. எரிந்த கூரையை ஒரு பருவத்தில் வேய்ந்துவிடலாம். வீழ்ந்த பலாவை அவ்வாறு மீட்க இயலாது. பண்டைத் தமிழகத்தில் பகையரசன் காவல்மரத்தை வெட்டியமை அவனது குடியின் வேரையே அறுத்ததாகக் கருதப்பட்டதற்குக் காரணமும் இதுவே. மரத்தை வெட்டுதல், சென்ற காலத்தின் உழைப்பையும் வருங்காலத்தின் உணவையும் ஒருங்கே வெட்டுதலாகும்.

பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொள்ள வழி செய்தது. தலைமுறைதோறும் சேனைப்பயிருக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பயன்பட்ட மலைச்சாரல்கள் இதனால் விற்பனைப் பொருளாயின. வாங்கியோர் முதலில் நட்டது கோப்பி.

கோப்பியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கோப்பித் தோட்டம் அமைக்கும் முறை எளிதானது. அவ்வெளிமையே பின்னர் அதன் கேடாயிற்று. பெருங்காட்டை வெட்டிக் காயவிட்டு எரிப்பர். சாம்பல் கலந்த புதுமண்ணில் குழிகள் தோண்டி, நாற்றுமேடையிலிருந்து கொணர்ந்த கன்றுகளை நிரை நிரையாக நடுவர். ஆறடிக்கு ஆறடி இடைவெளி விடின் ஏக்கருக்கு 1,210 கன்றுகள் கொள்ளும். மூன்றாம் ஆண்டளவில் பழம் காணலாம். நட்டவர் காணத்தக்க விரைவில் பயன் தந்தமையால், முதலாளர் மலைமலையாக இப்பயிரையே பெருக்கினர். 1870ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி 10 இலட்சம் அந்தரைக் கடந்தது.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுப் பாதையில் நாட்கணக்காக நடந்து மலைநாட்டை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கோப்பி பருவப் பயிராதலின் பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தாம் நட்ட கன்று மரமாகியதை அவர்களுட் பலர் காணவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு தோட்டத்தில் வேறொருவர் நட்ட கன்றின் பழத்தைப் பறித்தனர்.

1869ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படர்ந்திருத்தல் கண்டறியப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்கிலி என்னும் அறிஞர் அதனைப் புதியதொரு பூஞ்சணம் எனக் கண்டு, ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். பேரழிவு செய்வது என்பது அவ்விலத்தீன் அடைமொழியின் பொருள்.

எனினும் தோட்டங்கள் உடனே அழிந்துவிடவில்லை. இலை உதிர்ந்த மரம் மீளத் துளிர்த்தது. அத்துளிரைக் கண்ட தோட்டத்துரைமார் நோய் நீங்கிற்று என நம்பிப் புதுக்காடுகளை வெட்டி மேலும் நட்டனர். நோய் கண்டு ஏறக்குறையப் பத்தாண்டு கழிந்த பின்னரே, 1870களின் இறுதியில், கோப்பிப் பரப்பு ஏறத்தாழ 275,000 ஏக்கர் என்னும் உச்சத்தை அடைந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் துளிர்த்த மரம் முன்னினும் மெலிந்தது, காய் குறைந்தது. 1880இல் வந்து ஆராய்ந்த மார்சல் வார்ட், வித்துத்துகள்களைக் காற்றே பரப்புகின்றது என நிறுவினார். இடையே காடின்றி ஒரே இனம் மலைதோறும் தொடர்ந்து நின்றமை அப்பரவலுக்கு வழி திறந்துவிட்டது.

கோப்பியின் வீழ்ச்சிக்குப் பூஞ்சணம் ஒன்றையே காரணங்காட்டுதல் நிறைவான விளக்கமாகாது. மரத்தைப் பார்த்திருத்தல் வேறு. மரத்தின் விலையைப் பார்த்திருத்தல் வேறு. நோயுற்ற மரம் ஆண்டுதோறும் மெலிந்து வந்தமை கண்முன்னே நிகழ்ந்தது. அதனைக் காணவேண்டியோர் இலண்டன் சந்தையின் விலையேற்றத்தைக் கண்டனர்.

சிங்கோனா தந்த பாடம்

கோப்பி தளர்ந்தபோது தோட்டங்கள் சிங்கோனாவை நாடின. குவினைன் என்னும் மலேரியா மருந்தைத் தரும் இம்மரம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைக்கு உரியது. 1861ஆம் ஆண்டில், ஊவாப் பள்ளத்தை நோக்கி நிற்கும் ஹக்கலை மலையடியில், இதன் கன்றுகளை வளர்ப்பதற்கென்றே ஒரு பூங்கா நிறுவப்பட்டது. இன்று மலர்க்காட்சிக்குப் பெயர்பெற்ற ஹக்கலைப் பூங்காவின் தோற்றம் அதுவே.

சிங்கோனாவின் பயன் பட்டையில் உள்ளது. மரம் பல ஆண்டு முதிர்ந்த பின்னரே பட்டை செறிவுறும். முதிர்ந்த மரத்திற் பட்டையைச் சீவியெடுத்து, காயத்தைப் பாசியால் மூடிவைப்பின், மரம் புதுப்பட்டை போர்த்துக்கொள்ளும். இம்முறை அறியப்பட்டிருந்தும், கோப்பியால் கடன்பட்ட தோட்டங்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. பல இடங்களில் மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. 1886ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி ஒன்றரைக் கோடி இறாத்தலைத் தொட்டது. அந்நிறைவே விலையை வீழ்த்தியது. யாவாத் தீவில் ஒல்லாந்தர் குவினைன் மிகுந்த இனத்தைத் தேர்ந்து பொறுமையுடன் வளர்த்துவந்தனர். உலகச் சந்தை அவர் வசமாயிற்று. பதினைந்து ஆண்டுக்குள் ஒரு மரவினம் ஊவா மலைகளில் வந்து நிறைந்து மறைந்தும் போயிற்று.

மரமாக விடப்படாத மரம்

மூன்றாவதாக வந்தது தேயிலை. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர், லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனை நட்டார். கோப்பி அழிந்த மலைகளில் அது வியத்தகு விரைவிற் பரவி, அந்நூற்றாண்டு முடிவதற்குள் 350,000 ஏக்கரைக் கடந்தது. ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது.

தேயிலையைச் செடி எனப் பலர் கருதுவர். உண்மையில் அது மரம். கத்தி படாது விடின் முப்பதடிக்கு மேலும் உயரும். அதனை இடுப்பளவில் நிறுத்துவது கவ்வாத்து. சில ஆண்டுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டித் தூரை மட்டும் விடுவர். மீளத் துளிர்க்கும் கொழுந்தை வாரந்தோறும் கிள்ளுவர். ஆகவே தேயிலையின் வளர்ச்சி உயரத்தால் அறியப்படுவதன்று. தூரின் பருமனாலும், அது கண்ட கவ்வாத்துக்களின் எண்ணிக்கையாலும் அதன் வயது அறியப்படும்.

இத்தகைய பயிருக்கு வந்து போகும் தொழிலாளர் போதாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டுதலின், குடும்பமாகத் தங்கி வாழ்வோர் வேண்டும். கோப்பிக் காலத்தில் வந்து திரும்பியோர் தேயிலைக் காலத்தில் லயன்களில் நிலையாகக் குடியேறினர். இவ்வாறு, மலைநாட்டுத் தமிழர் தாம் நட்ட கன்றின் வளர்ச்சியைத் தலைமுறையாகக் காணும் வாய்ப்பைத் தேயிலையே முதன்முதலில் அளித்தது. பாட்டி நட்ட மலையில் தாய் கொழுந்தெடுத்தாள்; அதே தூரில் மகளும் எடுத்தாள். எந்த நிரையில் கச்சான் கடுமையாக அடிக்கும், எந்தத் தூர் கவ்வாத்தின்பின் தாமதித்துத் துளிர்க்கும் என்னும் அறிவு ஏட்டில் அன்றிக் கையில் வளர்ந்தது.

தேயிலைக்குத் துணையாக வேறு மரங்களும் நடப்பட்டன. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவிலியா, ஆழவேரோடி, நிழலும் காற்றுத்தடையும் விறகும் தந்தது. முள்முருங்கை இனத்து மரங்கள் மண்ணுக்குத் தழையுரம் ஈந்தன. தேயிலையை வாட்டி உலர்த்தும் தொழிற்சாலைகளின் அடுப்புக்காக யூக்கலிப்டஸ் காடுகள் எழுந்தன. பின்னாளில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புல்வெளிகளில் பைன் மரம் பெருமளவில் நடப்பட்டது. விரைந்து வளரும் அம்மரங்களின் கீழ் மற்றைச் செடிகள் அரிதாகவே தழைத்தன. உதிர்ந்த ஊசியிலைகள் கோடையில் எளிதிற் தீப்பற்றின. நடுதல் யாவும் காடாக்குதல் ஆகாது என்பதை ஊவாவின் மக்கள் அங்கே கண்டனர்.

புதிய கன்று

1950களில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்த தாய்மரங்களின் துண்டுகளிலிருந்து கன்று உண்டாக்கும் முறையைப் பரப்பியது. 1958இல் மீள்நடுகைக்கு அரசு மானியம் வழங்கத் தொடங்கியது. முதிர்ந்த தூர்களை வேரோடு அகற்றி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் குவாத்தமாலாப் புல்லை வளர்த்து, களைத்த மண்ணைத் தேற்றுவர். அதற்கிடையில் ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட சிறு துண்டுகளை மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் ஊன்றிப் பந்தல் நிழலில் வைப்பர். ஓராண்டளவில் பந்தலைச் சிறிது சிறிதாக நீக்கி, கன்றை வெயிலுக்குப் பழக்கி, வடகீழ் மழையில் மலைக்குக் கொண்டுசெல்வர். நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் ஏக்கருக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகள் நிற்கும். கொழுந்து முறையாக எடுக்க மேலும் சில ஆண்டுகள் செல்லும்.

புதுக்கன்று மிகுந்த விளைவு தருவது. ஆயினும் வித்திலிருந்து எழுந்த பழைய தேயிலைக்கு ஆழமான ஆணிவேர் உண்டு. துண்டிலிருந்து எழுந்ததற்கு அஃது இல்லை. நெடுங்கோடையில் புதுத்தேயிலை வாடிநிற்கையில், நூறாண்டு கடந்த தூர் பசுமை குன்றாது நிற்றலை ஊவாவிற் காணலாம்.

நட்டாரும் நின்றாரும்

மண்ணில் மீள்நடுகை நிகழ்ந்த அதே காலத்தில் மக்கள் வேரோடு பெயர்க்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோர் ஆயினர். 1964 ஒற்றோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 975,000 பேருள் 525,000 பேரை இந்தியா ஏற்கவும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. மூன்று தலைமுறை ஒரே மலையில் வாழ்ந்த குடும்பங்களும் தலைமன்னாரில் கப்பலேறின. 1984இல் கப்பற் போக்குவரத்து நிற்கும்வரை அப்பயணம் நீண்டது.

அவ்வாறு சென்றோருட் பலரை எதிர்கொண்டதும் தேயிலைக் கன்றே. தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நடுகையைத் தொடங்கியது. 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. இலங்கை மலைகளில் முதிர்ந்த தூரைப் பேணிய கைகள் கூடலூர்ச் சாரலில் மறுபடியும் முதற்கன்றை ஊன்றின. 2022இல் அத்தோட்டங்களின் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவு செய்தது. காட்டுக்கு அது நன்மையாகலாம். ஆயின் அக்கன்றுகளை நட்டு மூப்படைந்தோர்க்கோ, தம் வாழ்நாளில் மீண்டுமொருமுறை மலையைப் பிரிய நேருமோ என்னும் கவலையை அது தந்தது.

இலங்கையிலே தங்கியோர்க்கு இடையிற் பல மாற்றங்கள் நேர்ந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை அளித்தது. மலையின் உரிமை கைமாறிய ஒவ்வொரு முறையும் தேயிலைத் தூர்கள் ஏட்டில் எண்ணப்பட்டு ஒப்படைக்கப்பட்டன. அவற்றை நட்டோர்க்கு அம்மண்ணில் ஒரு சாண் உரிமையும் எழுதப்படவில்லை. 2014 ஒற்றோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு லயன்களை மூடியபோது, பாதுகாப்பான இடத்தில் மனை இல்லாமையின் விலை உயிராகவே செலுத்தப்பட்டது.

பின்னர் வந்த தனிவீட்டுத் திட்டங்களில் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என நிலம் அளந்து கொடுக்கும் முறை தொடங்கிற்று. நிலம் சிறிது, பெற்றோரும் பெரும்பான்மையோர் அல்லர். எனினும் அதன் பொருள் பெரிது. தோட்டத்து மண்ணில் தோட்டத்துக்காகக் கன்று நட்டோர், தம் வீட்டு முற்றத்தில் தமக்கென ஒரு கன்று ஊன்றும் உரிமையை அங்கே பெறுகின்றனர். லயன் ஓரத்தில் கொய்யாவும் பலாவும் முன்னரும் நடப்பட்டன. நிர்வாகம் விரும்பாதபோது அவை நிற்பதற்கு உறுதி இருக்கவில்லை.

நமுனுகுலச் சாரலின் மரங்களை நிரல்படுத்தி நோக்கின் ஓருண்மை புலனாகும். விலையை மட்டும் கருதி நடப்பட்ட கோப்பியும் சிங்கோனாவும் ஒரு தலைமுறையைக் கடக்கவில்லை. நாளும் உடனிருந்து பார்த்தோர் கையில் வளர்ந்த தேயிலை ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றது. பார்த்திருத்தலே வளர்த்தல். அப்பார்வைக்கு நிலைத்த இடம் வேண்டும். நாளையும் அங்கே இருப்போம் என்னும் உறுதி வேண்டும். புன்னையை உடன்பிறந்தாளாகக் கண்ட நெய்தற் பெண்ணுக்கு அவ்வுறுதி இருந்தது. ஊவா மலையில் ஐப்பசி மழைக்குக் கன்று சுமந்து ஏறும் பெண்ணுக்கும் அதனை உரித்தாக்குதல் இக்காலத்தின் கடன்.